கண்ணுக்குள் மச்சம், விழித்திரைக்கு அடியில் நீர்: எந்தச் சிகிச்சை, எப்போது?

எங்கள் அத்தையின் வலது கண்ணுக்குள் மச்சம் இருப்பது எதிர்வீட்டுத் தகரக் கூரையால்தான் தெரியவந்தது. ஒருநாள் காலை வனிலா டீயோடு வராந்தாவில் உட்கார்ந்தவர், "அந்தத் தகரம் ஏன் நடுவிலே குழிஞ்சு கிடக்கு?" என்று கேட்டார். தகரம் நேராகத்தான் இருந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தால் அதன் வரிகள் ஓரிடத்தில் மட்டும் உள்வாங்கித் தெரிந்தன. வலது கண்ணைப் பொத்தினால் நேராகிவிட்டன.

அதற்கு முன் நான்கு மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தோம். இரண்டு முறையும் வலது கண்ணுக்கு மட்டும் பிளஸ் பவர் கூடியிருந்தது. கண்ணாடிக் கடையில் வயசு என்று சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். விழித்திரைக்கு அடியில் நீர் கோத்துக்கொண்டால் அது விழித்திரையை முன்பக்கம் தூக்கும், அதனால் பவர் பிளஸ் பக்கமாக ஏறும் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கண்ணில் மட்டும், அதுவும் சில மாதத்துக்குள் பவர் மாறினால், புதுக் கண்ணாடிக்குப் பணம் கட்டும் முன் மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த நான்கு மாதம் வீணானது.

உள்ளே பார்த்த டாக்டர் "க்ரேன் த போத்தே" என்றார். மொரிஷியஸில் டாக்டர்கள் பாதி பேச்சைப் பிரெஞ்சில்தான் பேசுவார்கள். அந்தச் சொல்லுக்கு நேர்ப் பொருள் அழகு மணி, நம் வழக்கில் மச்சம். அத்தைக்கு முகம் மலர்ந்துவிட்டது, மச்சம் என்றால் நமக்கு அதிர்ஷ்டம்தானே. "அதைச் சுற்றி நீர் கோத்திருக்கிறது" என்று அடுத்து சொன்னபோதுதான் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் டாக்டர் இல்லை. கும்பகோணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே மொரிஷியஸின் காத்ர் போர்ன் ஊருக்கு வந்து 16 வருடம் ஆகிறது. வீட்டில் மருத்துவக் காகிதங்களைப் படிப்பதும், டாக்டரிடம் கேள்வி கேட்பதும் என் பொறுப்பு. முதலில் போன தனியார் கிளினிக்கில் நாளைக்கே லேசர் வைக்கலாம் என்று தொகையையும் எழுதிக் கொடுத்தார்கள். இரண்டாவது டாக்டர் மூன்று மாதம் காத்திருங்கள் என்றார். மூன்றாவது ஆள் ஊசி என்றார். ஒரே கண், ஒரே மச்சம், மூன்று பதில்கள். இதே இடத்தில் நிற்கும் இன்னொரு குடும்பத்துக்கு உதவட்டும் என்று, நாங்கள் ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்த்ததை எழுதுகிறேன்.

விழித்திரை என்கிற ரெட்டினாவுக்குக் கீழே கோராய்டு என்று ஒரு ரத்தக் குழாய்ப் படலம் இருக்கிறது. மச்சம் அங்கேதான் உண்டாகும், பெயர் கோராய்டல் நெவஸ். வெள்ளைக்காரப் பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில் இது இருக்கிறது, நம்மைப் போன்ற நிறத்தவர்களிடம் குறைவு. பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஒரு தொந்தரவும் தராமல் கிடக்கும். ஆனால் வருடக்கணக்கில் கிடக்கும் மச்சம், தனக்கு மேலே இருக்கும் மெல்லிய நிறமித் தோலை மெல்ல மெல்ல நசித்துவிடலாம். அந்தத் தோல்தான் விழித்திரைக்கு அடியில் நீர் சேராமல் இறைத்துக்கொண்டே இருக்கும் பம்பு. பம்பு தளர்ந்தால் நீர் தேங்கும். சிலருக்கு அந்தத் தோலில் விழுந்த விரிசல் வழியாகப் புது ரத்தக் குழாய்கள் முளைத்து, அவை கசியும், ரத்தமும் கட்டும்.

ஆக, கசிவு இரண்டு வகை. பம்பு தளர்ந்து தேங்கிய நீர் ஒன்று, புதுக் குழாய் முளைத்துக் கசிந்த நீர் இன்னொன்று. நோயாளிக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: கோடு வளையும், நடுவில் மங்கும். மருந்து மட்டும் ஒன்றில்லை. எங்களுக்கு வந்த மூன்று பதில்களில் இரண்டு, இது எந்த வகை என்று பார்க்காமலே சொன்னவை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. இது மச்சம்தானா, மெலனோமா என்கிற புற்றுநோயின் தொடக்கமா? நீர் கோப்பது மச்சத்தாலும் வரும், புற்றாலும் வரும். 2019இல் பிலடெல்பியாவின் வில்ஸ் கண் மருத்துவமனையில் கரோல் ஷீல்ட்ஸ் குழு ஆயிரக்கணக்கான மச்சங்களைப் பார்த்துத் திருத்தி வெளியிட்ட அறிகுறிகள் இவை: 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், ஓசிடி ஸ்கேனில் (விழித்திரை அடுக்குகளின் குறுக்குவெட்டுப் படம்) நீர், பார்வைக் குறைவு, ஆரஞ்சு நிறமி, அல்ட்ராசவுண்டில் உள்ளே வெறுமையாகத் தெரிவது, 5 மில்லிமீட்டருக்கு மேல் விட்டம். இவற்றில் ஒன்றும் இல்லாத மச்சம் 5 வருடத்தில் புற்றாக வளரும் வாய்ப்பு 1 சதவீதம். ஒன்று இருந்தால் 11, இரண்டு இருந்தால் 22, மூன்று இருந்தால் 34 சதவீதம். அத்தைக்கு நீர் இருந்தது, அதனால் ஒன்று நிச்சயம். தடிமன் 1.4 மில்லிமீட்டர், ஆரஞ்சு நிறமி இல்லை, விட்டமும் 5க்குள். பார்வை 6/12, அதாவது நல்ல கண் 12 மீட்டரில் படிப்பதை அவர் 6 மீட்டரில்தான் படிப்பார். அறிகுறியாக எண்ணும் அளவுக்கு அது இன்னும் இறங்கவில்லை.

நாளைக்கே லேசர் என்று சொன்ன கிளினிக்கில் அல்ட்ராசவுண்டே எடுக்கவில்லை. அதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. மச்சத்தின் மேல் சூடு வைத்துவிட்டால் நீர் வற்றலாம், ஆனால் நீர் ஒரு சாட்சி. சாட்சியைத் துடைத்துவிட்டு, தழும்பும் நிறமாற்றமும் விழுந்த இடத்தைப் பிறகு எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது? தடிமன் அளந்து, விட்டம் அளந்து, போட்டோ எடுத்து வைக்காமல் யாரும் அந்தக் கண்ணில் லேசர் தொடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நீர் வற்றிவிட்டது என்பதும் மச்சம் சாதுவானது என்பதும் வேறு வேறு செய்திகள். சிகிச்சைக்குப் பிறகும் கண்காணிப்பு நிற்காது.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் காத்திருப்பது. கேட்டதும் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கோபம்தான் வந்தது, கண் போய்க்கொண்டிருக்கும்போது சும்மா இருக்கச் சொல்கிறாரே என்று. ஆனால் நீர் விழித்திரையின் நடுப்புள்ளியைத் தொடாமல் ஓரமாக இருந்தாலோ, பார்வை நன்றாக இருந்தாலோ, காத்திருப்பதுதான் சரியான சிகிச்சை. சிலருக்கு நீர் தானாகக் குறையும், சிலருக்கு வருடக்கணக்கில் அப்படியே நிற்கும். ஒன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: நோயாளி ஸ்டீராய்டு எதுவும் எடுக்கிறாரா? மூட்டுவலி மாத்திரை, தோல் களிம்பு, மூக்கில் அடிக்கும் மருந்து எதுவாகவும் இருக்கலாம். மச்சத்துக்குச் சம்பந்தமில்லாமல் ஸ்டீராய்டாலேயே விழித்திரைக்கு அடியில் நீர் கோப்பது உண்டு, பழி பக்கத்தில் இருக்கும் மச்சத்தின் மேல் விழும். காத்திருப்பதற்கும் ஒரு எல்லை வேண்டும். நடுப்புள்ளியில் நீர் மாதக்கணக்கில் நின்றால், அதற்கு மேலே இருக்கும் பார்வைச் செல்கள் பட்டினியில் மெலியும். அப்புறம் நீர் வற்றினாலும் பார்வை முழுதாகத் திரும்பாது. அதனால் காத்திருங்கள் என்று ஒரு டாக்டர் சொன்னால், எத்தனை வாரம், எது நடந்தால் நிறுத்துவோம் என்று அன்றே கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.

அடுத்தது சூடு வைக்கும் லேசர், ஆர்கான் லேசர். இதன் கதை சூரியனில் தொடங்குகிறது. 1945இல் சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் பார்த்துக் கண்ணுக்குள் சுட்டுக்கொண்டவரைப் பார்த்த ஜெர்மன் டாக்டர் மேயர் ஷ்விக்கெராத், அதே சூட்டை வேண்டிய இடத்தில் மட்டும் வைத்தால் மருத்துவமாகுமே என்று யோசித்தார். 1949இல் ஒளியால் விழித்திரையைச் சுட்டு ஒட்டவும் செய்தார். 1968இல் ஆர்கான் லேசர் வந்தது. இன்றும் சர்க்கரை நோய்க் கண்ணுக்கும் விழித்திரைக் கிழிசலுக்கும் இதுதான் காப்பாற்றுகிறது, செலவும் குறைவு, ஐந்து பத்து நிமிட வேலை.

மச்சத்துக் கசிவுக்கு மட்டும் இது அளந்து வைக்க வேண்டிய சூடு. கசியும் புள்ளி ஆஞ்சியோ படத்தில் (கண்ணின் ரத்தக் குழாய்களைக் காட்டும் படம்) தெளிவாக, ஒரே இடத்தில், நடுப்புள்ளியிலிருந்து குறைந்தது அரை மில்லிமீட்டராவது தள்ளி இருந்தால் யோசிக்கலாம். சூடு வைத்த இடத்தில் பார்வை செத்துப்போகும், அங்கே நிரந்தரமாக ஒரு குருட்டுப் புள்ளி. அந்தத் தழும்பு அப்படியே நிற்பதில்லை, வருடங்கள் போகப் போக விரியும். இன்றைக்கு அரை மில்லிமீட்டர் தள்ளி வைத்த சூடு பத்து வருடத்தில் நடுவுக்கு நகர்ந்து வரலாம். சூடு பலமாக விழுந்தால் அடித்தோல் கிழிந்து, அந்தக் கிழிசலிலிருந்தே புதுக் குழாய் முளைப்பதும் உண்டு. அத்தையின் கசிவு நடுப்புள்ளிக்கு ஒட்டினாற்போல் இருந்தது. ஆஞ்சியோவே எடுக்காமல் இந்த லேசரைத்தான் அந்தக் கிளினிக்கில் நாளைக்கே என்றார்கள்.

கோல்டு லேசர் என்று டாக்டர்கள் பேச்சில் சொல்வது பிடிடி, மருந்தையும் ஒளியையும் சேர்த்துச் செய்யும் சிகிச்சை. இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பெயரில் லேசர் இருப்பதால் பலரும் இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறார்கள். இதில் லேசர் சுடுவதில்லை. வெர்ட்டிபோர்ஃபின் என்ற மருந்தைக் கை நரம்பில் 10 நிமிடம் ஏற்றுவார்கள். ஏற்றத் தொடங்கி 15ஆவது நிமிடத்தில், 689 நானோமீட்டர் சிவப்பு ஒளியைக் கசியும் இடத்தில் 83 விநாடி காட்டுவார்கள். ஒளி பட்ட இடத்தில் மட்டும் மருந்து விழித்துக்கொண்டு, கசியும் குழாய்களின் உள்சுவரை அடைக்கும். மேலே இருக்கும் விழித்திரை பெரும்பாலும் தப்பிக்கும். அதனால் நடுப்புள்ளிக்கு அடியிலேயே கூட இதைச் செய்ய முடியும். பம்பு தளர்ந்து தேங்கிய நீருக்கும், புதுக் குழாய்க்கும், இரண்டுக்குமே பலன் கிடைத்திருக்கிறது. ஒளியின் அளவைப் பாதியாக்கிச் செய்யும் முறையும் இருக்கிறது, எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குறைகளும் சிறியவை இல்லை. நூற்றில் 1 முதல் 5 பேருக்கு முதல் வாரத்திலேயே பார்வை சட்டென்று இறங்கியதாக மருந்தோடு வரும் தாளிலேயே இருக்கிறது. ஏற்றும்போது சிலருக்கு முதுகு வலிக்கும், அதைச் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கக்கூடாது. ஊசி நழுவி மருந்து தோலுக்கடியில் இறங்கினால் அந்த இடம் வெளிச்சம் பட்டாலே வெந்துபோகும். அதனால் முழங்கைப் பக்கத்துப் பெரிய நரம்பில் ஏற்றச் சொல்லுங்கள். மருந்துக்கு உலகெங்கும் சில வருடங்களாகத் தட்டுப்பாடு வேறு. மச்சத்துக் கசிவுக்கு இது பலன் தரும் என்பதற்குப் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளும் கிடையாது, சிறு சிறு நோயாளித் தொகுப்புகள்தான் இருக்கின்றன. இதை டாக்டரே எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார், அதனாலேயே அவரை நம்பினேன்.

அப்புறம் வெயில். மருந்து ஏற்றிய 48 மணி நேரம் வெயில் படக்கூடாது, பளீர் விளக்கும் ஆகாது. சில நாட்டுத் தாள்களில் 5 நாள் என்று இருக்கும். சன் கிரீம் பூசினால் போதும் என்று நினைக்க வேண்டாம், மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம், கிரீம் அதைத் தடுக்காது. முழுக்கை, கையுறை, தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காலுறை எல்லாம் வேண்டும். அதற்காக அறையை இருட்டாக்கி உட்காரவும் கூடாது. வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் தோலில் மிச்சமிருக்கும் மருந்தை மெதுவாகக் கரைக்க உதவும். நம் ஊரில் இதை நாள் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அத்தை வருடம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பவர். ஜனவரி வெயிலில், வெறுங்காலோடு, கோர் த கார்த் மலையடிக் கோயில் வரை நடப்பார். தேதி கேட்டதும் அவர் முதலில் சொன்னது, "காவடி முடியட்டும்." டாக்டர் ஓசிடியைத் திரும்பப் பார்த்துவிட்டு, மூன்று வாரத்தில் ஒன்றும் கெட்டுவிடாது என்று ஒத்துக்கொண்டார்.

கண்ணுக்குள் போடும் ஊசி: அவாஸ்டின், லூசென்டிஸ், ஐலியா. புதுக் குழாய் முளைத்திருந்தால் என் வரிசையில் இதுதான் முதலில். குழாயை வளரச் செய்யும் சுரப்பை இது அடைக்கும், நடுப்புள்ளியில் கசிந்தாலும் தழும்பு விழாது, பார்வை பல சமயம் உயரவும் செய்யும். ஒன்றோடு முடியாது. மாதம் ஒன்றாகச் சில ஊசிகள், பிறகு ஸ்கேன் பார்த்துத் தேவைக்கேற்ப. அவாஸ்டின் முதலில் குடல் புற்றுக்காக வந்த மருந்து, கண்ணுக்கென்று அனுமதி பெற்றதல்ல, ஆனாலும் விலை குறைவு என்பதால் உலகமெங்கும் கண்ணில் போடுகிறார்கள். ஊசிக்குப் பிறகு உள்ளே கிருமி தொற்றும் ஆபத்து ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. வந்தால் கண்ணே போகலாம், அதனால் ஊசி போட்ட வாரத்தில் வலி, சிவப்பு, மங்கல் என்றால் அன்று இரவே ஓட வேண்டும். புதுக் குழாய் இல்லாமல் பம்பு தளர்ந்து தேங்கிய நீருக்கு இந்த ஊசி பெரிதாக உதவுவதில்லை. அத்தைக்கு ஊசி வேண்டாம் என்று நாங்கள் முடிவெடுத்தது அதனால்தான். மஞ்சள் சாய ஆஞ்சியோவிலும், சாயமில்லாத ஓசிடி ஆஞ்சியோவிலும் புதுக் குழாய் இல்லை என்று தெரிந்துவிட்டது. (மஞ்சள் சாயம் ஏற்றினால் ஒரு நாள் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும், தோலும் லேசாக மஞ்சளிக்கும். முன்பே சொல்லி வையுங்கள், எங்கள் வீட்டில் பயந்துவிட்டார்கள்.)

டிடிடி என்று 810 நானோமீட்டர் அகச்சிவப்புக் கதிரால் மெல்லச் சூடேற்றும் முறை ஒன்றுண்டு. சிறிய மெலனோமாவுக்கென்று ஒரு காலத்தில் நிறையச் செய்தார்கள். கட்டி திரும்ப வருவதும், பக்கத்து ரத்தக் குழாய் அடைபடுவதும் பார்த்து இப்போது குறைத்துவிட்டார்கள். வெறும் நீருக்காக நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன். தழும்பே விழாத மைக்ரோபல்ஸ் லேசர் பற்றியும் சொல்வார்கள், ஆபத்து குறைவு, மச்சத்துக் கசிவில் சான்றும் குறைவு.

சரி, எங்கே செய்வது? நம் தீவில் அரசாங்க வைத்தியம் இலவசம். மோக்காவில் இருக்கும் அரசுக் கண் மருத்துவமனைக்கு நம் சுப்பிரமணிய பாரதியின் பெயர். ஓசிடி, ஆஞ்சியோ, அல்ட்ராசவுண்டு மூன்றும் எங்கே எப்போது கிடைக்கும் என்பதை முதலில் அங்கே கேட்டுவிட்டு, பிறகு தனியாருக்குப் பணம் எடுங்கள். தீவில் இல்லாத சிகிச்சைக்கு வெளிநாடு போக அரசாங்க உதவித் திட்டமும் இருக்கிறது. ரீயூனியன் பக்கத்தில்தான், ஆனால் அங்கே பிரெஞ்சு சோஷியல் செக்யூரிட்டி அட்டை இல்லாதவருக்கு முழுச் செலவும் கையிலிருந்து. சென்னையில் 1978இல் தொடங்கிய சங்கர நேத்ராலயா, மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் போன்ற இடங்களுக்கு இங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் போய் வருகின்றன. தமிழிலேயே டாக்டரிடம் பேசலாம் என்பது அத்தை வயதுக்காரர்களுக்குப் பெரிய தெம்பு.

சிகிச்சைக்கு ஊர் மாறலாம், கண்காணிப்புக்கு மாறக்கூடாது. மச்சம் வளர்ந்ததா என்பதை அரை மில்லிமீட்டர் கணக்கில் பார்க்கிறார்கள். ஒரு தடவை ஒரு மெஷின், அடுத்த தடவை வேறு மெஷின் என்றால் அந்த வித்தியாசம் மச்சத்தினுடையதா, மெஷினுடையதா என்று யாராலும் சொல்ல முடியாது. வருடத்துக்கு மூன்று நான்கு முறை பஸ் பிடித்துப் போகக்கூடிய இடத்தையே அதற்குத் தேர்ந்தெடுங்கள். காகிதத்தில் அச்சடித்த படம் போதாது, மூலப் படங்களை டிஸ்க்கில் கேட்டு வாங்குங்கள். கொடுக்கத் தயங்கினாலும் கேட்டுக்கொண்டே இருங்கள்.

மூன்று மாதம் காத்திருந்தோம். நீர் குறையவில்லை, பார்வை 6/12இலிருந்து 6/18க்கு இறங்கியது. அறிகுறி இரண்டானது, அதனால் தடிமனைத் திரும்ப அளந்தார்கள். அதே 1.4, விட்டமும் மாறவில்லை. அதன் பிறகே பிடிடி. காவடி முடிந்து, சென்னையில் மருந்துக் குப்பி வந்து சேர்ந்த வாரத்தில், என் தங்கை வீட்டில் தங்கிச் செய்தோம். 83 விநாடியும் அத்தை அசையாமல் கந்த சஷ்டி கவசம் மனதுக்குள் சொன்னாராம். வெளியே வந்து முதல் வார்த்தை கிரியோலில்: "பா த்ரகாசே, மோ திஃபி." கவலைப்படாதே, பெண்ணே. காரின் ஜன்னலில் சேலையைக் கட்டி வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இரண்டு நாள் திரைச்சீலை மூடிய கூடத்தில், குழல் விளக்கு வெளிச்சத்தில், காலுறையோடு உட்கார்ந்து கீரை ஆய்ந்தார்.

மூன்றாம் மாத ஓசிடியில் நீர் நிற்கும் அந்தக் கறுப்பு இடைவெளி பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது, முழுதாக மூடவில்லை. பார்வை 6/12. தகரக் கூரையின் குழி கொஞ்சம் இன்னும் தெரிகிறதாம். மச்சம் 1.4தான். இன்னொரு பிடிடி வேண்டுமா என்பதை செப்டம்பர் படம் பார்த்து முடிவு செய்வோம், இங்கே, அதே மெஷினில்.